பேட்டரி மூடிக்குள் அடைபட்ட ஆய்வு

பெங்களூரு மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலின் புறச்சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்று வெங்களூரின் பெரிய ஏரியைக் குறிப்பிடுகிறது. டொம்லூர்ச் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்நகரத்தின் பெயர், நிலம், நீர் ஆகியவற்றின் வரலாற்றை எழுத முனையும் எவரும் இந்தச் சுவர்களின் முன் ஒருநாள் வந்து நின்றாக வேண்டும். அப்படி வந்து நிற்கும் ஆய்வு மாணவரின் கையில் இன்று மைப்படி எடுக்கும் தாளும் தூரிகையும் இருப்பது அரிது. இருப்பது பல்கலைக்கழகத் துறை வாங்கிக் கொடுத்த கையடக்க டிஜிட்டல் கேமரா. அது எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்பதை ஆய்வின் தேவை தீர்மானிப்பதில்லை. கட்டைவிரல் அளவுள்ள ஒரு பேட்டரி தீர்மானிக்கிறது. கேமராவை வெளியிலுள்ள மின்மூலத்தோடு இணைத்து இயக்கலாம் என்ற எளிய வழி திட்டமிட்டே குறுக்கப்பட்டிருக்கிறது. அவ்வாறு குறுக்கியவர்கள் உற்பத்தியாளர்கள் என்றால், அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது ஆய்வுலகம். இரண்டாவது குற்றமே பெரியது.

இதைக் கேட்டவுடன் எழும் முதல் மறுமொழி எல்லோருக்கும் தெரிந்ததே: “இரண்டு பேட்டரி கூடுதலாக வாங்கிக்கொண்டால் போயிற்று.” பிரச்சினை இன்னதென்றே தெரியாதவர் மட்டுமே இதைச் சொல்ல முடியும். தேய்ந்த கல்வெட்டை நேர் ஒளியில் எடுத்தால் எழுத்து தெரியாது. பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியில்தான் வெட்டின் நிழல் எழும். ஒரு திசையில் விழும் ஒளி ஒரு கோட்டைக் காட்டி மற்றொன்றை மறைக்கும் என்பதால், பல திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சிப் பல படங்கள் எடுக்க வேண்டும். இம்முறையின் வளர்ந்த வடிவத்துக்கு 2001இல் ஹியூலெட்-பேக்கார்டு ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய சகாக்களும் அடித்தளம் இட்டனர். இன்று ஆர்.டி.ஐ. என்று அது அழைக்கப்படுகிறது. தகவல் உரிமைச் சட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கல்லும் கேமராவும் அசையாதிருக்க, விளக்கை மட்டும் இடம் மாற்றி ஐம்பது அறுபது படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றிணைத்துக் கணினித் திரையில் ஒளியை விருப்பம்போல் திருப்பிப் பார்க்கும் முறை அது. கேமரா இம்மியளவும் அசையக் கூடாது என்பதே அதன் முதல் விதி.

இப்போது ஒரு கையடக்கக் கேமராவைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கலாம். முக்காலியில் பொருத்தும் திருகுத் துளை அடிப்பகுதியில் இருக்கும். பேட்டரி மூடியும் அதே அடிப்பகுதியில், பெரும்பாலான மாடல்களில் ஓரிரு சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும். முக்காலித் தகடு மூடியை மறைத்துக்கொண்டிருக்கும். நாற்பதாவது படத்தில் பேட்டரி தீர்ந்தால் கேமராவை முக்காலியிலிருந்து கழற்றித்தான் மாற்ற வேண்டும். கழற்றி மாட்டிய பிறகு பழைய இடத்தில் அது துல்லியமாக உட்காராது. முந்தைய முப்பத்தொன்பது படங்களும் வீண். சட்டைப் பையில் பத்துப் பேட்டரிகள் இருந்தாலும் இந்த இழப்பைத் தடுக்க முடியாது. கூடுதல் பேட்டரி என்பது மின்சாரத்தின் அளவுக்கான தீர்வு. அறுபடாத தொடர்ச்சிக்கான தீர்வு அன்று. ஆவணப்படுத்தலுக்குத் தேவைப்படுவது தொடர்ச்சி.

ஓலைச்சுவடியை எடுப்பவருக்கும் இதே நிலைதான். செங்குத்துத் தாங்கியில் கேமராவைக் கீழ்நோக்கிப் பொருத்தி, குவியத்தையும் உயரத்தையும் ஒருமுறை சரிசெய்துவிட்டு, ஏடு ஏடாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். 150 ஏடுகள் கொண்ட ஒரு சுவடிக்கு இரு பக்கமும் சேர்த்து 300 படங்கள். இடையில் கேமராவைக் கழற்றினால் அளவுகோலின் விகிதம் மாறும். லென்ஸ் உள்ளே போய் மீண்டும் நீளும்போது ஜூம் நிலை மாறும். சுவடியின் முற்பாதியும் பிற்பாதியும் வேறு வேறு அளவில் பதிவாகும். பின்னாளில் அந்தப் படங்களிலிருந்து எழுத்தின் உயரத்தை அளந்து காலத்தைக் கணிக்க விரும்பும் ஒருவர், ஒரே கையெழுத்து நடுவில் ஏன் பெரிதாகிறது என்று திகைப்பார். காரணம் எழுதியவர் கையில் இல்லை, எடுத்தவரின் பேட்டரியில் இருக்கிறது. அந்தக் குறிப்பு எந்த அட்டவணையிலும் இடம்பெறாது.

உற்பத்தியாளர்கள் தரும் எண்ணிக்கை இங்கே உதவுமா? ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சி.ஐ.பி.ஏ. வகுத்த ஒரு பொதுச் சோதனைமுறை உண்டு. 30 விநாடிக்கு ஒரு படம், ஒன்றுவிட்டு ஒன்றுக்கு ஃபிளாஷ், பத்துப் படங்களுக்கு ஒருமுறை கேமராவை அணைத்து மீண்டும் இயக்குதல் என்பது அதன் ஒழுங்கு. அதன்படி ஒரு கையடக்கக் கேமராவுக்கு இருநூறு முதல் நானூறு படங்கள் வரை கணக்குச் சொல்லப்படுகிறது. இந்தச் சோதனை கற்பனை செய்யும் மனிதர் யார்? பிறந்தநாள் விழாவில் படமெடுப்பவர். சுற்றுலாத் தலத்தில் நிற்பவர். கோயில் பிராகாரத்தின் இருளில் திரையை அணைக்காமல் பத்து நிமிடம் எழுத்தின் விளிம்பில் குவியத்தைத் தேடுகிறவர் அந்தக் கற்பனையில் இல்லை. ஒரு படமும் எடுக்காமலே திரையும் உணரியும் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும் நேரம் அந்தக் கணக்கில் இல்லை. அந்த எண்ணைப் பொய் என்று சொல்ல முடியாது. வேறொருவருக்காகச் சொல்லப்பட்ட உண்மை அது.

இதன் விளைவு பேட்டரி தீர்ந்த பிறகு தொடங்குவதில்லை. தீருமோ என்ற அச்சத்திலேயே தொடங்கிவிடுகிறது. சிக்கனம் ஆய்வாளரின் கையைப் பிடித்துக்கொள்கிறது. எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சரிபார்ப்பதைத் தவிர்க்கிறார். இரண்டாம் திசையிலிருந்து ஒளி பாய்ச்சுவதைக் கைவிடுகிறார். சிதைந்த வரிகள் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடப்படுகின்றன. கடைசி என்று ஒன்று வருவதே இல்லை. இவ்வாறு உருவாகும் ஆவணத் தொகுப்பில் ஒரு சாய்வு படிகிறது: காலையில் எடுத்தவை தெளிவு, மாலையில் எடுத்தவை மங்கல், முதல் சுவர் முழுமை, கடைசிச் சுவர் ஒப்புக்கு. மாதிரித் தேர்வில் சாய்வு வரக் கூடாது என்று ஆய்வு முறையியல் தாளில் பக்கம் பக்கமாக எழுதுகிற துறைகள், தம் கருவியின் பசி உண்டாக்கும் சாய்வைப் பற்றி ஒரு வரி எழுதியதுண்டா?

பெங்களூரில் இந்தக் கேள்விக்கு அவசரம் உண்டு. பி. எல். ரைஸ் தொகுத்த ‘எபிகிராஃபியா கர்நாடிகா’ வரிசையில் பெங்களூர் மாவட்டத்துக்கான 9ஆம் தொகுதி 1905இல் வெளிவந்தது. அதில் பதிவான கற்கள் பலவும் இன்று அந்தந்த இடங்களில் இல்லை. சாலை அகலமானது, ஏரி மனையானது, கோயில் திருப்பணியில் சுவர் வண்ணம் பூசிக்கொண்டது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் ஹெப்பாள் கன்னட நடுகல், 2018இல் வடிகால் பணிக்காகத் தோண்டியபோது மண்ணிலிருந்து வெளிப்பட்டது. 1909இல் நிறுவப்பட்ட மிதிக் சொசைட்டி, நகரைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் வருடிப் பாதுகாக்கும் பணியை அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டிருக்கிறது. நல்ல கருவியும் குழுவும் அமைந்த அத்தகைய முயற்சி போற்றத்தக்கது. ஆயினும் எல்லாக் கல்லுக்கும் முப்பரிமாண வருடி வரப்போவதில்லை. பெரும்பாலான கற்களின் முன் கடைசியாக நிற்கப்போவது ஒரு மாணவரும் ஒரு சிறிய கேமராவும்தான். அடுத்த முறை வரும்போது கல் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லாத நகரத்தில், பேட்டரி தீர்ந்தது என்பது சிறு அசௌகரியம் அன்று.

சரி, வெளி மின்மூலத்தால் கேமராவை இயக்குவதில் அப்படி என்ன கடினம்? அறிவியலளவில் ஏதும் இல்லை. கையடக்கக் கேமராவின் பேட்டரி பெரும்பாலும் ஒற்றை லித்தியம் கலம்: பெயரளவு 3.7 வோல்ட், ஏறத்தாழ 1000 மில்லியாம்பியர்-மணி. அதாவது 3.7 வாட்-மணி ஆற்றல். பத்தாயிரம் மில்லியாம்பியர்-மணி என்று அச்சிட்ட ஒரு சாதாரண பவர் பேங்க்கில் இருப்பது 37 வாட்-மணி. மின்னழுத்த மாற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 30 வாட்-மணி எஞ்சும். எட்டுப் பேட்டரிகளின் உழைப்பு. சுவரிலுள்ள மின்செருகியோடு இணைத்தால் கணக்கே தேவையில்லை. மின்சாரம் பற்றாக்குறை இல்லை. அது கேமராவுக்குள் நுழையும் வாசல்தான் பூட்டப்பட்டிருக்கிறது.

அந்த வாசல் முன்பு திறந்திருந்தது என்பதை மறக்கக் கூடாது. 2000களில் வெளிவந்த கேனன் பவர்ஷாட் ஏ வரிசையின் பல மாடல்கள் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் ஏஏ அளவுப் பேட்டரிகளில் ஓடின. அவற்றின் பக்கவாட்டில் வெளி மின்சாரத்துக்கென்றே ஒரு சிறு துளையும் இருந்தது. இரண்டு பேட்டரி மாடல்களுக்கான அடாப்டர் 3.15 வோல்ட் தரும். 2009இல் டேனியல் ரீட்ஸ் தொடங்கிவைத்த ‘நீங்களே செய்யும் புத்தக வருடி’ இயக்கம் இத்தகைய மலிவான கேமராக்கள் இரண்டை எதிரெதிர்ப் பக்கங்களை நோக்கி நிறுத்தி நூல்களைப் படியெடுத்தது. சி.ஹெச்.டி.கே. என்னும் தன்னார்வலர் மென்பொருள், யூ.எஸ்.பி. கம்பியில் 5 வோல்ட்டை ஒரு நொடி செலுத்தினாலே இரு கேமராக்களும் படமெடுக்கும்படி செய்தது. ஏழை நூலகங்களுக்கும் எண்மமாக்கல் கைக்கெட்டும் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. அதற்கு அடிப்படையாக இருந்தவை இரண்டே: திறக்கக்கூடிய மென்பொருள், திறந்திருந்த மின்வாசல்.

பிறகு உடல் மெலிந்தது, துளை மறைந்தது. அதன் இடத்தில் ‘டி.சி. கப்ளர்’ என்ற ஏற்பாடு வந்தது. பேட்டரியின் வடிவத்தில் ஒரு வெற்றுக் கூடு. கடைத்தெருவில் இதை டம்மி பேட்டரி என்பர். அதிலிருந்து கிளம்பும் கம்பி, மூடியின் ஓரத்திலுள்ள ரப்பர்த் திறப்பு வழியாக வெளியே வந்து அடாப்டரில் சேரும். அந்தத் திறப்பைக் கேமராவிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வெளி மின்சாரம் தேவைப்படும் என்பது வடிவமைத்தவருக்குத் தெரியும். தெரிந்தே அதை உடலோடு தராமல், தனியே விற்கும் துணைப்பொருளாக்கி, மாடலுக்கு மாடல் வடிவத்தை மாற்றி, சில ஆண்டுகளில் உற்பத்தியையும் நிறுத்திவிடுகிறார்கள். கேமரா நல்ல நிலையில் இருக்கும். அதற்கான கூடு சந்தையில் இருக்காது.

மலிவு விலைக் கருவியில் இதெல்லாம் முடியாது என்பார்கள். காட்டில் மரத்தில் கட்டும் தானியங்கிக் கேமராவை அவர்கள் பார்க்க வேண்டும். 1990களில் நாகரஹொளெக் காடுகளில் உல்லாஸ் கரந்த் இத்தகைய கேமராக்களால் புலிகளின் வரிகளைப் பதிவுசெய்து, 1995இல் வெளியிட்ட கட்டுரையின் வழியே புலிக் கணக்கெடுப்பின் முறையியலையே மாற்றினார். அவருடைய ஆய்வு மையம் இருப்பது இதே பெங்களூரில். இன்று சந்தையில் கிடைக்கும் காட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு 6 அல்லது 12 வோல்ட் வெளி பேட்டரியை இணைக்கும் துளை உண்டு. அவற்றுள் பல, கையடக்கக் கேமராவைவிட விலை குறைந்தவை. மழையிலும் பனியிலும் மாதக்கணக்கில் நிற்பவை. நீர் புகாமல் அங்கே வைக்க முடிந்த துளையை இங்கே வைக்க முடியாது என்பதை யார் நம்புவது? கல்வெட்டாய்வாளரும் சுவடியாளரும் கேட்கவே இல்லை.

இப்போதைய புதிய கேமராக்களில் யூ.எஸ்.பி.-சி துளை வந்துவிட்டதே என்று சிலர் ஆறுதல் கொள்வர். இங்கேதான் நுட்பமான ஏமாற்று இருக்கிறது. ‘சார்ஜ் ஆகும்’ என்பதும் ‘இயங்கும்’ என்பதும் ஒன்றல்ல. பல மாடல்கள் அணைந்திருக்கும்போது மட்டும் கம்பி வழியே சார்ஜ் ஏற்றுக்கொள்ளும்; இயக்கிய கணமே வெளி மின்சாரத்தைத் துண்டித்து உள் பேட்டரியைத் தின்னத் தொடங்கும். இன்னும் சில, இயங்கும்போது வெளியிலிருந்து எடுத்தாலும் உள்ளே ஓரளவு சார்ஜுள்ள பேட்டரி இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை போடும். வாங்குகிறவர் பார்க்கும் விவரப் பட்டியலில் ‘யூ.எஸ்.பி. சார்ஜிங்: உண்டு’ என்ற ஒரே வரிதான் இருக்கும். அந்த ஒரு வரியை நம்பி வாங்கி, கோயில் சுவரின் முன் முக்காலியை நிறுத்திய பிறகே வேறுபாடு புரியும்.

ஐரோப்பியச் சட்டங்களும் இந்த இடைவெளியை முழுதாக அடைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022/2380 எண் கொண்ட பொதுச் சார்ஜர் நெறியாணை 2024 டிசம்பர் 28 முதல் டிஜிட்டல் கேமராக்களுக்கும் யூ.எஸ்.பி.-சி துளையைக் கட்டாயமாக்கியது. நல்ல செய்தியே. ஆயினும் அது பேசுவது சார்ஜ் செய்வதைப் பற்றி. இயக்கத்தைப் பற்றி அன்று. பேட்டரிகள் குறித்த 2023/1542 எண் ஒழுங்குமுறை இன்னும் ஒரு படி முன்னே போகிறது: 2027 பிப்ரவரி 18 முதல் சிறு கருவிகளின் பேட்டரியைப் பயனரே எளிதில் கழற்றி மாற்றக்கூடியதாக வைக்க வேண்டும், கடைசிக் கருவி சந்தைக்கு வந்து ஐந்தாண்டுகள் வரையேனும் மாற்றுப் பேட்டரி கிடைக்கச் செய்ய வேண்டும், பொருந்தக்கூடிய வேறு பேட்டரியை மென்பொருளால் தடுக்கக் கூடாது. இந்த மூன்றாம் நிபந்தனை முக்கியமானது. பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள மூன்றாம் முனை, வெப்பத்தை உணரவும் சில மாடல்களில் ‘நம் நிறுவனத்துப் பேட்டரிதானா’ என்று விசாரிக்கவும் பயன்படுகிறது. டம்மி பேட்டரியைச் செருகினால் ‘இந்தப் பேட்டரியைப் பயன்படுத்த இயலாது’ என்று கேமரா அணைந்துபோவது இந்த விசாரணையால்தான்.

இந்தியாவில் நிலைமை என்ன? நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது; அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையவாசலும் திறக்கப்பட்டது. மின்கழிவு மேலாண்மை விதிகளும் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் 2022இல் புதுப்பிக்கப்பட்டன. இவை அனைத்தும் பொருள் செத்த பிறகு அல்லது பழுதான பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியே பெரிதும் கவலைப்படுகின்றன. பழுதே ஆகாத கேமரா, பேட்டரி கிடைக்காத ஒரே காரணத்தால் கழிவாகும் கொடுமை இந்தச் சட்டகங்களுக்குள் அடங்கவில்லை. லென்ஸும் உணரியும் மின்சுற்றும் நன்றாக இருக்கும் கருவி, இருநூறு ரூபாய் மின்வாசல் இல்லாததால் கழிவுக் குவியலுக்குப் போகிறது.

‘கைப்பேசி இருக்கும்போது கேமரா எதற்கு?’ என்பது அடுத்த மறுமொழி. உலகச் சந்தை அப்படித்தான் முடிவு செய்தது. 2010இல் 12 கோடிக்கும் மேலாக இருந்த டிஜிட்டல் கேமரா ஏற்றுமதி 2023இல் 80 இலட்சத்துக்கும் கீழே விழுந்தது. ஆனால் சந்தையின் முடிவு ஆய்வின் முடிவாக வேண்டியதில்லை. கைப்பேசி ஒரு படம் எடுப்பதில்லை. பல படங்களைக் கண்ணிமைப்பதற்குள் எடுத்து, ஒன்றாகக் கலந்து, இரைச்சலை வழித்து, விளிம்பைக் கூராக்கி, அழகான ஒன்றைத் தருகிறது. பூவுக்கு அது போதும். தேய்ந்த கல்லில் இருப்பது எழுத்தின் கால்வாயா, கல்லின் பொரிவா என்று தீர்மானிக்க வேண்டிய இடத்தில், மென்பொருள் தானே கூராக்கிய விளிம்பு சான்றாகாது. மேலும் கைப்பேசியும் அதே நோயைச் சுமக்கிறது: பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது. சார்ஜ் ஏற்றியபடியே மணிக்கணக்கில் படமெடுத்தால் சூடேறித் திரை மங்கும். நாளடைவில் பேட்டரி உப்பும்.

பாதுகாப்பு என்பது உற்பத்தியாளர்களின் கடைசிக் கேடயம். தகுதியற்ற மின்மூலத்தை இணைத்தால் கருவி கெடும், தீப்பிடிக்கும் என்கிறார்கள். அபாயம் உண்மையானது. பெங்களூரின் எஸ்.பி. சாலையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மின்னழுத்தக் குறைப்பான் பலகையையும் பெயரில்லாத டம்மி பேட்டரியையும் வாங்கி இணைத்தவர்களுக்கு அது தெரியும். 5 வோல்ட் பவர் பேங்க்கிலிருந்து எல்.எம். 2596 வகைப் பலகை வழியே 4.2 வோல்ட் எடுக்கலாம் என்று நினைப்பார்கள். அந்தச் சில்லு இயங்க, நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு வோல்ட்டுக்கு மேல் இடைவெளி வேண்டும் என்பது தெரியாது. 9 அல்லது 12 வோல்ட்டில் தொடங்கியிருக்க வேண்டும். மெல்லிய கம்பியின் தடை 0.2 ஓம்தான் என்றாலும், லென்ஸ் நீளும் கணத்தில் 2 ஆம்பியர் பாய்ந்தால் 0.4 வோல்ட் வழியிலேயே தொலையும். 4 வோல்ட் 3.6 ஆகும், பேட்டரி தீர்ந்துவிட்டதெனக் கருதிக் கேமரா அணையும். பவர் பேங்க்கோ, கேமரா ஓய்ந்திருக்கும்போது மின்னோட்டம் குறைந்ததைக் கண்டு, இணைப்பே இல்லை என்று தானும் அணைந்துகொள்ளும். மின்முனை மாறினால் கருவியே போகும்.

ஆனால் இந்த அபாயங்களின் ஊற்று எது? எந்த மின்னழுத்தம், எவ்வளவு உச்ச மின்னோட்டம், மூன்றாம் முனையில் எத்தனை ஓம் தடை என்ற மூன்றே விவரங்களை உற்பத்தியாளர் ஒரு பக்கத்தில் அச்சிட்டிருந்தால் இந்தத் தடுமாற்றங்களில் முக்கால்வாசி நிகழாது. விவரத்தை மறைத்துவிட்டு, விவரம் தெரியாததால் விளையும் விபத்தைக் காட்டி மிரட்டுவது பாதுகாப்பு உணர்வு ஆகாது. மேலும், டம்மி பேட்டரியால் இயங்கும் கேமராவுக்குள் லித்தியமே இல்லை. மூடிய அறையில் சுவடிகளுக்கு மேலே தொங்கும் கருவியில் லித்தியம் கலம் இருப்பது பாதுகாப்பா, அது இல்லாமல் இருப்பது பாதுகாப்பா? ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: வெளி மின்சாரம் எல்லா நோய்க்கும் மருந்தன்று. நெடுநேரம் இயங்கும் சிறிய உடலில் உணரி சூடேறும். சில மாடல்கள் அதனாலும் அணையும். கேமராவின் கடிகாரம் பிரதான பேட்டரியை நம்பியே உயிர்வாழ்வதால், பேட்டரியை வெளியே எடுத்து நெடுநாள் வைத்தால் தேதி அழிந்து, அடுத்த களப்பணிப் படங்கள் தவறான நாளில் பதியும். இவை அறிந்து சமாளிக்கக் கூடியவை. அறிய விடாமை மட்டுமே சமாளிக்க முடியாதது.

இதுவரை சொன்னது உற்பத்தியாளர் மீதான வழக்கு. ஆய்வுலகத்தின் மீதான வழக்கு இதைவிட நேரடியானது. மத்திய நிறுவனங்கள் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளுக்கு உட்பட்டு, அரசு மின்சந்தையான ஜெம் வழியே பொருள் வாங்குகின்றன. கேமரா வாங்கும் கோப்பில் எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஜூம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எழுதுகிறார்கள். ‘இயங்கிக்கொண்டிருக்கும்போதே வெளி மின்சாரம் ஏற்குமா’ என்ற கேள்வியை எழுதுவோர் அரிது. திட்ட நிதியில் கேமரா ஒருமுறைச் செலவு. பேட்டரியும் கப்ளரும் தொடர்செலவு. முதலாவது கேள்வியின்றி ஒப்புதல் பெறும். இரண்டாவதுக்கு மூன்று கையெழுத்தும் ஒரு விளக்கக் கடிதமும் வேண்டும். ஆகவே அலமாரியில் கேமராக்கள் பெருகும், களத்தில் அணையும். அந்தச் சுமை கடைசியில் யார் தலையில் விழுகிறது? உதவித்தொகை தாமதமாக வரும் மாணவர் தன் சொந்தப் பணத்தில் எஸ்.பி. சாலையில் பலகை வாங்குகிறார். அது கருகினால், ‘துறையின் கருவியைக் கெடுத்தவர்’ என்ற பெயரும் அவருக்கே.

கருவியைப் பற்றிப் பேசுவது அறிஞருக்கு அழகன்று என்ற பழைய உயர்குடி மனப்பான்மை இதன் அடியில் இருக்கிறது. கருத்தாக்கம் பேராசிரியருக்கு, கம்பி உதவியாளருக்கு என்ற பிரிவினை அது. மைப்படி எடுத்த தலைமுறைக்கு இந்த மனப்பான்மை இருந்திருக்க முடியாது. தாளின் ஈரம், தூரிகையின் அடி, மையின் அடர்த்தி ஆகியவற்றை அறியாதவர் கல்வெட்டைப் படிக்க முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தாளின் இடத்துக்குக் கேமரா வந்ததும், கருவியைப் பற்றிய அறிவு ஏன் கைவிடப்பட்டது?

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. ஒப்பந்தப்புள்ளி விவரப் பட்டியலில் மூன்று வரிகள் சேர வேண்டும்: இயக்கத்தின்போதே வெளி மின்சாரத்தில் தொடர்ந்து செயல்பட வேண்டும், பேட்டரியின் மின்னழுத்தம், உச்ச மின்னோட்டம், முனைகளின் பயன் ஆகியவை ஆவணமாகத் தரப்பட வேண்டும், மாற்றுப் பேட்டரியும் கப்ளரும் குறைந்தது ஐந்தாண்டு கிடைக்கும் என்ற உறுதி வேண்டும். இம்மூன்றையும் ஒரு பல்கலைக்கழகம் கேட்டால் விற்பனையாளர் சிரிப்பார். கர்நாடகமும் தமிழ்நாடும் சேர்ந்து, வரலாறு, தொல்லியல், மொழியியல், தாவரவியல், நூலக அறிவியல் துறைகள் ஒரே குரலில் கேட்டால் கணக்குப் போடுவார். கேமரா விற்பனை சுருங்கிவிட்ட காலத்தில், மொத்தமாக வாங்கும் நிறுவனங்களின் சொல்லுக்கு முன்பில்லாத எடை உண்டு. அத்தோடு ஒவ்வொரு துறையும் தன்னிடமுள்ள கேமராக்களின் மின்தேவையை அளந்து, வேலை செய்த இணைப்பு முறையையும் கருகிய இணைப்பு முறையையும் சேர்த்தே பொதுவில் வெளியிட வேண்டும். ஒரு மாணவர் பட்ட பாட்டை அடுத்த மாணவர் மீண்டும் படக் கூடாது.

பெங்களூரின் எந்தத் துறையிலும் நாளைக்கே ஒருவர் அலமாரியைத் திறந்து, அங்குள்ள கேமராக்களை எடுத்து, அடிப்பகுதியைத் திருப்பிப் பார்க்கலாம். எத்தனையில் முக்காலித் தகடு பேட்டரி மூடியை மறைக்கிறது, எத்தனையில் ரப்பர்த் திறப்பு இருந்தும் அதற்கான கூடு இல்லை, எத்தனை பேட்டரி இல்லாத ஒரே காரணத்தால் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணலாம். அந்த எண்ணிக்கையை அடுத்த துறைக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வைக்கலாம். மடிவாளத்துச் சுவரிலுள்ள எழுத்துகள் எழுநூறு ஆண்டுக்கு மேல் காத்திருந்தன. நகரம் அவற்றுக்கு இன்னும் எத்தனை ஆண்டு கொடுக்கும் என்பது யாருக்கும் தெரியாது.